மலையா, சுண்ணாம்புக்கல்லா? தஞ்சையிலிருந்து கிளம்புகிறவர் எந்தப் பக்கம் போவது

டெல்டாக்காரருக்கு மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, தமிழ் வருடம் அறுபதுக்கும் வருடத்துக்கு ஒரு படியாக ஏறினால் முருகன் சந்நிதி வந்துவிடும். கல்லும் இங்கே விருந்தாளிதான். பெரிய கோயிலின் 216 அடி விமானம் தொடங்கி அடுக்களை அம்மி வரை அத்தனை கல்லும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியது. வயலில் போர் போட்டால் களி, மணல், மறுபடி களி.

அதனால் விடுமுறையோ பள்ளிச் சுற்றுலாவோ நெருங்கினால் ஒரே கேள்வி பல வாயில் வருகிறது. பிள்ளைகளுக்கு ஒரு மலையைக் காட்ட வேண்டும், பாடத்தில் வருகிற சுண்ணாம்புக்கல் மலையாக இருந்தால் இன்னும் நல்லது; அரியலூர்ப் பக்கமா, பச்சைமலையா, கொல்லிமலையா, மலேசியாவில் அத்தை வீடு இருக்கிறதே, பத்துமலையா?

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிற இடத்தில் மலை கிடையாது. மலை இருக்கிற இடத்தில் சுண்ணாம்புக்கல் கிடையாது. இது தெரியாமல் கிளம்பி, அரியலூரில் இறங்கி "மலை எங்கே?" என்று தேடுகிறவர்களும், கொல்லிமலைக் கல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்து (சுண்ணாம்புக்கல் என்றால் புளிப்பு பட்டு நுரைக்கும்) நுரை வரவில்லையே என்று முழிக்கிறவர்களும் உண்டு.

## முடிச்சு எங்கிருந்து வந்தது

கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்து இந்தியா பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தரை பிளந்து இறங்கியது. அந்தப் பள்ளத்தில் கடல் ஏறி ஏறி இறங்கிப் படியவைத்ததுதான் அரியலூர், பெரம்பலூர், லால்குடி வட்டாரத்துப் பாறை. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6 கோடி ஆண்டு வரைக்குமான வரலாறு அதில் இருக்கிறது. அடுக்குகள் மெலிதானவை, சுண்ணாம்புக்கல்லுக்கு இடையிடையே களியும் மணற்கல்லும். எல்லாம் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக வயது குறையும். இன்னும் கிழக்கே அதே காலத்துப் பாறை டெல்டா வண்டலுக்கு அடியில் ஆழமாகப் புதைந்துவிடுகிறது. நரிமணம், குத்தாலம் பக்கம் எண்ணெய்க் கிணறு இறங்குவது இதே காவிரிப் படுகைக்குள்தான்.

இந்த அடுக்குகளை எதுவும் உயரத் தூக்கவில்லை. கரியமில வாயு கலந்த மழைநீர் லேசான அமிலம். சுண்ணாம்புக்கல் அதில் கரையும். மெலிந்த, தூக்கப்படாத, களி கலந்த அடுக்கு என்ன ஆகும்? அலையலையான மேட்டு நிலமும் ஓடையும்தான் மிஞ்சும். பச்சைமலையும் கொல்லிமலையும் வேறு ஜாதி. பூமிக்கு ஆழத்தில் வெந்து இறுகிய பாறை, சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. சார்னோக்கைட், நைஸ் என்று கல்லூரியில் சொல்வார்கள். கரையாது, அதனால் நிற்கிறது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பணம் என்று பலர் தொடங்குவார்கள். அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் கல்லா, உயரமா என்பதை முடிவு செய்யுங்கள். அடுத்து, கூட வருகிறவர்களில் யாருடைய முழங்கால் பலவீனம், யாருக்கு வண்டியில் குமட்டும். மூன்றாவது மாதம்: ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு இடத்தைக் கெடுக்கும், இன்னொரு இடத்தை அழகாக்கும். நான்காவது நிழல், சாப்பாடு, கழிப்பறை. நாற்பது பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. ஐந்தாவது அனுமதி.

| | அரியலூர்–காரை | பச்சைமலை | கொல்லிமலை | பத்துமலை, ஈப்போ (மலேசியா) |
|---|---|---|---|---|
| சுண்ணாம்புக்கல் | நிறைய | இல்லை | இல்லை | மலையே அதுதான் |
| உயரம் | மேட்டு நிலம் | 500–1000 மீ. | 1000–1300 மீ. | செங்குத்தான தனிக் குன்றுகள் |
| தஞ்சையிலிருந்து ஒரு வழி | சுமார் 45 கி.மீ. (அரியலூர்) | சுமார் 130 கி.மீ. | சுமார் 190–200 கி.மீ. | திருச்சியிலிருந்து 4 மணி நேர விமானம் |
| வேண்டிய நாள் | 1 | 1, நெருக்கினால் | 2 | 4–5 |
| உடம்புக்கு வேலை | வெயிலில் நடை | குறைவு | படிகள், வளைவுகள் | 272 படி |
| தவிர்க்க வேண்டிய நேரம் | மழைக்காலம், சித்திரை–வைகாசி | கடுங்கோடை | விழா நாள் நெரிசல் | தைப்பூசக் கூட்டம், கூட்டம் ஆகாதவருக்கு |

## அரியலூர்–காரை: கல்லைப் பார்க்க

கல்தான் குறி என்றால் இதற்கு இணை தென்னிந்தியாவில் குறைவு. 1840-களிலேயே இங்கிருந்து புதைபடிவங்கள் லண்டனுக்குப் போய்விட்டன. 1860-களில் பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் நிலத்தை அளந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்தார். உலகம் முழுக்க நிலவியல் படிப்பவர்கள் ஊட்டத்தூர் என்று உச்சரிக்கத் திணறுவது அதனால்தான்.

வழியைப் பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். அரியலூரை முதலில் வைத்தால், புதைபடிவங்கள் கிடக்கிற களிமேட்டுப் பகுதியான காரைக்குப் போகும்போது உச்சிவெயில். தஞ்சையில் அதிகாலை கிளம்பி, திருச்சி வழியாகச் சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் போய்க் கிழக்கே திரும்புங்கள். ஏழரை, எட்டு மணிக்குக் காரையில் இருக்கலாம். பிறகு சாத்தனூர், மதியம் அரியலூரில் சாப்பாடு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது வாரணவாசி அருங்காட்சியகத்தின் கூரைக்கடியில், மாலையில் கல்லங்குறிச்சி, கீழப்பழுவூர், திருமானூர்ப் பாலம் வழியாகக் கொள்ளிடம் தாண்டித் திருவையாறு. மொத்தச் சுற்று 180 முதல் 200 கிலோமீட்டர். அலைபேசியில் வழி தேடும்போது மட்டும் கவனம்: காரை வேறு, கரைவெட்டி வேறு. கரைவெட்டி பறவைகள் சரணாலயம், 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காரைக்கு என்று கிளம்பி ஏரிக்கரையில் போய் நிற்காதீர்கள்.

காரையில் ஒரு மரம் கிடையாது. சாம்பலும் பழுப்புமாகக் களிமேடுகள், அதை மழை அறுத்த வாய்க்கால்கள், நடுவே கண்ணாடிச் சில்லுபோல் வெயிலில் மின்னுகிற ஜிப்சம். கீழே குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற உருண்டு கூரிய கல் கிடக்கும். அது பெலம்னைட், நாகப்பட்டினத்தில் ஏலத்துக்கு வருகிற கணவாய்க்கு மிகப் பழைய உறவு. அதன் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி இது. அழிந்துபோன கடல் உயிரியான, ஆட்டுக்கொம்பாகச் சுருண்ட அம்மோனைட்டின் உடைசலும் கண்ணில் படலாம். எதையும் பையில் போடக்கூடாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். ஆளுக்கு ஒன்று என்று நாற்பது பேர் எடுத்தால், அடுத்த வருடம் வருகிற வகுப்புக்கு வெறும் களிதான்.

பிள்ளைகளுக்குச் சோதனை காட்ட ஒரு சிறிய கத்தி, எலுமிச்சம்பழம் அல்லது வினிகர், ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஜிப்சத்தை நகத்தாலேயே கீறலாம், அமிலத்துக்கு அசையாது. சுண்ணாம்புக்கல் நகத்துக்கு மசியாது, கத்திக்கு மசியும், புளிப்பு பட்டால் நுரைக்கும். பலருக்கு இந்தச் சோதனை தோற்பதற்குக் காரணம், கல்லின் மேல் களி ஒட்டியிருக்கும், எலுமிச்சையும் பலவீனமான அமிலம். கத்தியால் சுரண்டிக் கொஞ்சம் பொடியாக்கி அதன்மேல் சொட்டு விடுங்கள். காதை வைத்தால் சிரசிரவென்று கேட்கும். இன்னொரு ஏமாற்று: மண்ணில் உருண்டையாகக் கிடக்கும் சுக்கான்கல்லும் நுரைக்கும். அது கடலில் படிந்தது அல்ல, மண்ணுக்குள்ளேயே பின்னால் உருவானது. உடைத்துப் பார்த்தால் சிப்பி இருக்காது.

சாத்தனூரில் இருப்பது கல்லாகிப்போன மரம், சுமார் 18 மீட்டர் நீளம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் வெளிப்படுத்தியது. 12 கோடி ஆண்டு என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆற்றில் அடித்து வந்து கடலோரச் சேற்றில் புதைந்த மரம். அதன் மேல் வினிகரை ஊற்றிப் பார்க்க நினைக்க வேண்டாம். தேசிய நிலவியல் சின்னம், தொடக்கூட வேண்டியதில்லை. ஊற்றினாலும் நுரைக்காது. மரத்தின் திசுவுக்குள் போய் உட்கார்ந்தது சிலிக்கா. சுண்ணாம்புக்கல் சீமையின் பெயர்பெற்ற கல் சுண்ணாம்பு இல்லை என்பது வகுப்பில் கேட்க நல்ல கேள்வி.

கல்லங்குறிச்சியைக் கலியுக வரதராசப் பெருமாளுக்காகப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த ஊர்ப் பெயரில்தான் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் அடுக்கும் இருக்கிறது. கனத்த சிப்பி ஓடுகள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். சிமெண்ட் ஆலைகள் அரியலூரில் வந்து குவிந்ததற்குக் காரணம் இந்தக் கல்தான். கல்லக்குடியில் ஆலை அதற்கும் முன்பே வந்துவிட்டது: 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்துப் போராட்டம் நடந்த அதே ஊர். அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் பவளப்பாறை இருக்கிறது. நம் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும் இப்படி ஒரு கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு நீற்றியதுதான்.

இந்தத் தேர்வின் மறைமுகச் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். ஓடுகிற குவாரிக்குள் நுழைய முன்கூட்டியே எழுத்தில் அனுமதி, தலைக்கவசம், மூடிய காலணி வேண்டும். வாசலில் போய்க் கெஞ்சினால் நேரம்தான் போகும். கைவிட்ட குவாரிக் குட்டைகள் நீலப்பச்சையாக அழகாகத் தெரியும், ஆனால் ஓரம் செங்குத்தாக இறங்கும், கால் நிலைக்காது; குளத்தில் நீந்திப் பழகிய டெல்டாப் பிள்ளைகளைத்தான் அதிகம் கண்காணிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையில் புழுதியும் பள்ளமும் உண்டு. மழை பெய்த மூன்று நான்கு நாளுக்குக் காரைக்குப் போகாதீர்கள். களி செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சரிவில் வழுக்கும், வண்டி சிக்கினால் இழுக்க டிராக்டர்தான். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம்.

ரயிலில் போவது தஞ்சைக்காரருக்குச் சரிவராது. அரியலூரும் கல்லக்குடியும் விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைனில் இருக்கின்றன, நாம் மெயின் லைனில். திருச்சி போய் மாற வேண்டும். பேருந்து நேர்வழி. கும்பகோணத்திலிருந்து வருகிறவர்களுக்கு நீலத்தநல்லூர்ப் பாலம் தாண்டி ஜெயங்கொண்டம் வழி வசதி.

## பச்சைமலை: ஒரே நாளில் ஒரு மலை

திருச்சி, துறையூர், சோபனபுரம், அங்கிருந்து ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. கூட்டம் குறைவு, வளைவுகளும் கொல்லிமலை அளவுக்கு மிரட்டாது. மங்களம் அருவி, கோரையாறு அருவி இரண்டும் மழைக்குப் பின் மூன்று மாதம் பார்க்கத் தகும். பங்குனியில் போனால் ஈரப் பாறையைத்தான் படம் எடுப்பீர்கள்.

குறை சாப்பாடு. பெரிய குழுவுக்கு மேலே கடையை நம்ப முடியாது. துறையூரிலேயே பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். தங்குவதற்கு வனத்துறைக் குடில் உண்டு, முன்பதிவு இல்லாமல் ஏறக்கூடாது. பேருந்தில் போகிறவர் ஏறும்போதே இறங்கும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல்முறை மலை பார்க்கிற சிறு பிள்ளைகளும், வண்டியை விட்டு அதிகம் இறங்க முடியாத தாத்தா பாட்டியும் இருக்கிற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

## கொல்லிமலை: பேர் பெரிது, படியும் அதிகம்

காரவல்லியிலிருந்து செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு அரை மணி முன் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் இருபதாவது வளைவுக்குள் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு மேலே போய்ச் சாப்பிடலாம். ஓட்டுநர் சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர் என்றால் யோசியுங்கள். டெல்டாச் சாலையில் நாலாவது கியரும் ஹாரனும் போதும்; இங்கே ஏறுகிற அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பாதி வழியில் தீய்ந்த வாடை வரும், அப்புறம் பிடிக்காது. வாடை வந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆகாய கங்கை சுமார் 300 அடி. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்க வேண்டும். சிக்கல் அங்கேதான்: சுவாமிமலையில் ஏறிக் களைத்தவர் இறங்கி வீட்டுக்குப் போகலாம். இங்கே இறங்கும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். மூத்தவர்களை அறப்பளீசுவரர் கோயிலிலேயே உட்காரவைத்துவிடுவது நல்லது. கீழே போகிறவர்களுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

கல்லில் ஆர்வம் இருந்தால் சாலை வெட்டிய பக்கச் சுவரைப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சை சாயலில் இருக்கும் கல் சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் வந்த பெயர். மேலே அது வெயிலிலும் மழையிலும் மட்கிச் செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. சுண்ணாம்பைத் தேடாதீர்கள்.

தஞ்சையிலிருந்து ஒரே நாளில் போய் வருவோம் என்பவர்கள் எட்டு, ஒன்பது மணி நேரம் வண்டியிலேயே இருப்பார்கள். ஓர் இரவு தங்கும் செலவு, ஓட்டுநர் படி இரண்டு நாளைக்கு, இவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் "அரியலூரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்" என்பது பொய் என்று தெரியும்.

## பத்துமலை, ஈப்போ: இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றால்

பாடப்புத்தகப் படத்தில் வருகிற சுண்ணாம்புக்கல் மலை இதுதான். மலாயில் பத்து என்றால் கல். நாம் பத்துமலை என்று சொல்லிச் சொல்லி எண்ணாக்கிவிட்டோம். சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய, கனத்த, இறுகிய சுண்ணாம்புக்கல். அரியலூர் அடுக்கு கரைந்து தாழ்ந்தது, இது கரைந்தும் நிற்கிறது, காரணம் பருமன். நீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கிக் குகையைக் குடைகிறது, அடிவாரத்தில் ஓரத்தை அரிக்கிறது, மேலே தாங்கல் இழந்த பாறை பெயர்ந்து விழுகிறது. அதனால்தான் சரிவு இல்லாமல் சுவர்போல் நிற்கிறது.

272 படி, 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, மேலே ஆலயக் குகை. 1890-களில் தம்புசாமிப் பிள்ளை முயற்சியில் வழிபாடும் தைப்பூசமும் தொடங்கிய இடம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் வாசலிலேயே விடும். படியில் குரங்குகள் கைப்பையையும் வாழைப்பழத்தையும் பறிக்கும். அர்ச்சனைத் தட்டைத் துணிப்பைக்குள் வையுங்கள்.

பத்துமலை ஒரே ஒரு குன்று. தொடர் வேண்டும் என்றால் ரயிலில் இரண்டரை மணி தொலைவில் ஈப்போ. கிந்தா சமவெளியில் குனோங் லாங், குனோங் ராப்பாட், குனோங் செரோ என்று தனித்தனியாக நிற்கிற குன்றுகள், சுற்றிலும் தட்டை நிலம். நம் வயல் நடுவே கோபுரங்கள் தெரிவதைப்போல் இருக்கும். குனோங் என்றால் மலை. உயரத்தைக் கேட்டால் கொல்லிமலைக்காரர் சிரிப்பார். ஆனால் உச்சிக்குப் பாதை கிடையாது. மேற்பரப்பு மழையில் கரைந்து கத்தி முனையாக நிற்கிறது, மேலே புதர். பார்ப்பதெல்லாம் அடியிலிருந்தும் உள்ளிருந்தும்தான். செரோவில் கல்லுமலை முருகன் கோயில் இருக்கிறது. 1973 அக்டோபரில் அதே குன்றிலிருந்து பெயர்ந்த பாறையில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அடிவாரத்தில் பாறைக்கு நேர் கீழே பாய் விரித்துச் சாப்பிட உட்காராதீர்கள், கனமழைக்கு மறுநாள் முக்கியமாக.

செலவில் விமானம் மட்டும் கணக்கில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர் எத்தனை பேர், நுழைவு விதி அந்த மாதம் என்ன, இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் ஆகியவற்றைச் சீட்டு எடுக்குமுன் பாருங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவு மிச்சம். ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டிய அன்பளிப்புச் சுமையில் அது சரியாகிவிடும்.

கடல் தாண்ட வேண்டாம் என்பவர்கள் ஆந்திராவைக் கேட்கிறார்கள். பேலம் குகை தாடிபத்ரி ரயில் நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், நீளம் 3,229 மீட்டர். சுண்ணாம்புக்கல் குகைக்கு அருமையான இடம், ஆனால் வயல்வெளிக்கு அடியில் இருக்கிறது, மலை கிடையாது. உள்ளே புழுக்கம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர் வெளியே இருக்கட்டும். போரா குகை மலைக்குள் இருக்கிறது. விசாகப்பட்டினம் வரை போகிற தூரத்தைக் கணக்கிட்டால் ஈப்போவே மேல்.

## இரண்டை இணைக்க நினைப்பவர்களுக்கு

காரையும் பச்சைமலையும் ஒரே நாளில் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் பலர். வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் காரையில் காலை மூன்று மணி நேரம் நடந்த பிள்ளைகள் மலை ஏறும் வண்டியில் தூங்கிவிடும், அருவிக்குப் போய்ச் சேரும்போது பொழுது இறங்கும். இணைத்தே ஆக வேண்டும் என்றால் துறையூரில் இரவு தங்குங்கள்: முதல் நாள் மதியம் அரியலூர் அருங்காட்சியகம், மாலை நான்கு மணிக்குக் காரை, இரவு துறையூர், மறுநாள் விடியலில் மலை. தை, மாசியில் இந்த வரிசை கச்சிதம்: காரைக் களி காய்ந்திருக்கும், அருவியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும், குளிர் உறைக்காது. காரையிலிருந்து ஐந்தே முக்காலுக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். அந்த மேடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், வெளிச்சம் போனால் வந்த வாய்க்கால் எது என்று தெரியாது.